கண்ணால் கேட்ட பாட்டு

அணுபுரத்துல இருந்து ஒரு பாட்டி வருவாங்க. கொரோனா சமயத்துல, "அந்த மாஸ்க்கைக் கழட்டிட்டுப் பேசுங்க டாக்டர், காது கேக்கல"ன்னு சொன்னாங்க. கூட வந்த பேரன் சிரிச்சுட்டான்.

சிரிக்க ஒன்றுமில்லை. மாஸ்க் சத்தத்தைக் கொஞ்சம் மங்க வைக்கும். கூடவே உதட்டையும் மறைத்துவிடும். நாம் காதால் மட்டும் கேட்பதில்லை. விஞ்ஞானிகள் இதை அளந்து பார்ப்பதற்கு முன்பே நம்ம சினிமாக்காரங்க இதை வைத்துத் தொழில் பண்ணியிருக்காங்க.

கதை கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

1938. ஏ.வி. மெய்யப்பனின் 'நந்தகுமார்'. தேவகியாக நடித்தவரின் குரல் பாட்டுக்குச் சரிப்படவில்லை. லலிதா வெங்கட்ராமனைப் பாட வைத்து, நடிகையை வாயசைக்க வைத்தார். தமிழில் பின்னணிப் பாட்டு தொடங்கியது இந்தப் படத்தில்தான் என்பார்கள்.

1944-ல் இன்னும் துணிச்சல். கன்னட 'ஹரிச்சந்திரா'வைத் தமிழில் டப் செய்து வெளியிட்டார். உதடு கன்னடம், குரல் தமிழ்!

இது எப்படி எடுபட்டது? உதடு அசையும் நேரமும் குரல் வரும் நேரமும் ஏறத்தாழ ஒத்துப்போனால், இரண்டும் ஒரே ஆளிடமிருந்து வருவதாக மூளை முடிவு கட்டிவிடும். சத்தம் ஸ்பீக்கரில் இருந்து வந்தாலும் நடிகர் வாயிலிருந்து வருவதாகவே கேட்கும். பொம்மலாட்டமும் இப்படித்தான்.

டிவி ஒளிபரப்புக்கான சர்வதேச அளவுகோல் ஒன்று உண்டு. குரல் 45 மில்லிசெகண்ட் முந்தினாலே கண்டுபிடித்துவிடுவோம். பிந்தினால் 125 வரை தெரியாது. மின்னலுக்குப் பின்னால்தானே இடி? அந்த வரிசைக்குப் பழகிய மூளை.

அப்புறம் 1954. 'தூக்குத் தூக்கி'யில் சிவாஜிக்கும் 'மலைக்கள்ள'னில் எம்.ஜி.ஆருக்கும் டி.எம்.எஸ் பாடினார். தொண்டை ஒன்று, முகம் இரண்டு. டி.எம்.எஸ் ஆளுக்கேற்ப குரலை மாற்றினார், நிஜம். ஆனால் மிச்ச வேலையைப் பார்த்தது நம் கண்தான் என்பது என் கட்சி. (சண்டைக்கு வருகிறவர்கள் கமென்ட்டில் வரலாம்.)

அதே 1954-ல் அமெரிக்காவில் சம்பி, போலக் என்ற இருவர் இரைச்சலுக்கு நடுவே பேச்சைக் கேட்க வைத்துச் சோதித்தார்கள். இரைச்சல் கூடக் கூட, பேசுபவர் முகத்தைப் பார்ப்பதன் பலனும் கூடியது.

1976-ல் பிரிட்டனில் மெக்கர்க், மெக்டொனால்ட். இவர்கள் கண்டுபிடிப்பே ஒரு டப்பிங் விபத்து. வீடியோவில் உதடு 'காந்தி'யில் வரும் கா சொல்கிறது. ஒலிப்பதிவோ 'பாபு'வில் வரும் பா. கேட்டவர்கள் காதில் விழுந்தது 'டாக்டர்' டா! கண்ணை மூடினால் மறுபடி பா. ரகசியம் தெரிந்த பிறகும் டா தான். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும்.

ப, ம இரண்டும் உதடு சேர்ந்தால்தான் பிறக்கும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. இங்கே உதடு சேரவில்லை. பா என்று ஒப்புக்கொள்ள மூளைக்கு மனசில்லை. காதும் கண்ணும் சண்டை போட, நடுவில் ஒரு சமரசம்.

சமரசம் நடக்கும் முக்கியமான இடம், காதுக்கு மேலே டெம்போரல் லோபில் உள்ள ஒரு மடிப்பு. 2010-ல் அந்த இடத்தைக் காந்தத் துடிப்பால் கொஞ்ச நேரம் குழப்பிப் பார்த்தார்கள். டா கேட்பது குறைந்தது. அந்தக் காந்த முறைக்கும் சுருக்கப் பெயர் டி.எம்.எஸ் தான், சத்தியமா!

வயசாகிக் காது மந்தமானால் உதடுதான் துணை. கண்ணில் புரையும் விழுந்தால் அந்தத் துணையும் போச்சு. 'சொன்னா புரியல, மறதி வந்துடுச்சு'ன்னு வீட்டில் முடிவு கட்டுவதற்கு முன்னால் கண், காது இரண்டையும் பரிசோதியுங்கள். அடுப்படியில் இருந்து கத்தாதீங்க. எதிரே உட்கார்ந்து, வெளிச்சம் உங்க முகத்தில் விழுற மாதிரி பேசுங்க.

பாட்டிக்குப் புரை ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. போன வாரம் வந்தாங்க. "இப்ப காது பரவாயில்ல டாக்டர்."

காதில் நாங்க எதுவுமே பண்ணல.