பிழையைத் தேய்க்க முடியாத தளம்: இந்தியாவில் டைல்ஸ் பதிப்போர்

இடிக்கப்படும் பழைய வீடொன்றின் கூரையோட்டைத் திருப்பிப் பார்த்தால், அதன் அடியில் பாசல் மிஷன் என்ற பெயரும் 1865 என்ற ஆண்டும் தெரியக்கூடும். அவ்வாண்டில் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் முத்திரை அது. 1922இல் பம்பாயில் சித்வா குடும்பத்தார் நிறுவிய பாரத் டைல்ஸ், இறக்குமதித் தரைக்கற்களுக்கு எதிரான சுதேசி முயற்சியாக இன்றும் நினைவுகூரப்படுகிறது. ஓட்டையும் தரைக்கல்லையும் உற்பத்தி செய்தவர்களுக்கு இவ்வாறு பெயருண்டு, வரலாறும் உண்டு. ஓட்டை வேய்ந்தவரும் கல்லைப் பதித்தவரும் அவ்வரலாற்றில் அரிதாகவே தோன்றுகின்றனர். பதிப்பவரின் உழைப்பு மாறிய விதத்தைப் பொருள் மாறிய விதத்திலிருந்தே படித்தறிய வேண்டியுள்ளது.

அவரைக் குறிக்கும் சொல்லும் பொதுச்சொல்லே. வட இந்தியக் கட்டுமானத் தளங்களில் அவர் ‘மிஸ்திரி’. தமிழின் ‘மேஸ்திரி’யும் அதுவும் ‘மெஸ்த்ரே’ என்னும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தவை. வடக்கில் அச்சொல் கைவினைஞரிடமே தங்கிவிட்டது. தமிழிலோ அது மேற்பார்வையாளராகப் பதவி உயர்ந்துவிட, கரண்டி பிடித்தவர் கொத்தனாராகவே நீடித்தார். (ஒரு டைலையும் ‘டைல்ஸ்’ என்றே வழங்கும் நம் பேச்சுவழக்கு தனியே ஆராயத்தக்கது.)

மொசைக் காலத்துத் தளத்தில் பதிப்பு என்பது வேலையின் பாதி மட்டுமே. கற்களைப் பதித்துக் கலவை இறுகிய பின்னர், கார்போரண்டம் கல் பூட்டிய இயந்திரத்தால் தண்ணீர் விட்டுப் பலமுறை தேய்ப்பர். இறுதியில் ஆக்சாலிக் அமிலத்தால் மெருகேற்றுவர். கோட்டா கல்லுக்கும் மக்ரானா பளிங்குக்கும் ஏறத்தாழ இதே முறைதான். அடுத்தடுத்த இரு கற்களுக்கிடையே அரை மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு நேர்ந்திருந்தால் தேய்ப்பில் அது மறைந்துவிடும். பிழை நேரும் என்பதை அத்தொழில்முறை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டிருந்தது. அதைத் திருத்தவும் ஒரு கட்டத்தை ஒதுக்கியிருந்தது.

1990களுக்குப் பின் பரவிய விட்ரிஃபைடு டைல்ஸ் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கியது. ‘மார்பனைட்’ என்ற ஒரு வணிகப் பெயரே பொதுப்பெயராகும் அளவுக்கு அதன் பரவல் இருந்தது. குஜராத்தின் மோர்பி நகரம் நாட்டின் டைல்ஸ் உற்பத்தியில் பெரும்பகுதியைத் தன்வசமாக்கியது. மெருகு தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுவதால் பதித்த பின் தேய்க்க வழியில்லை. முன்பு இயந்திரம் திருத்திய பிழை இப்போது பதிப்பவரின் கைக்கணக்கில் நிலைத்துவிடுகிறது. டைல் பெரிதாகப் பெரிதாக இச்சிக்கல் கூடுகிறது. நீண்ட டைல் சூளையிலிருந்தே மிக நுட்பமான வளைவோடு வரலாம்; ஐ.எஸ். 15622 என்னும் இந்தியத் தர நிர்ணயமும் ஒரு வரம்புக்குள் அவ்வளைவை அனுமதிக்கிறது. ஆனால் பதித்த தளத்தில் கால் இடறும்போது சூளையை எவரும் நினைப்பதில்லை. தட்டிப் பார்த்து வெற்றொலி கேட்கும் டைல்களைப் பெயர்த்து மீண்டும் பதிக்கும் வேலைக்குச் சதுர அடிக் கூலி பெரும்பாலும் கிடையாது.

உடலின் கணக்கு வேறு. நூறு சதுர அடித் தரைக்கு இரண்டு அங்குலக் கனத்தில் சிமெண்டும் மணலும் கலந்த படுகை இட்டால், அதன் எடை மட்டுமே ஒரு டன்னை நெருங்கும். அதைத் தலையில் சுமப்பவர் உதவியாள். பல தளங்களில் அவர் பெண். எடையைச் சுமக்கும் பெண்ணின் கைக்கு ரசமட்டம் வந்து சேர்வது அரிது என்பது இத்தொழிலின் பேசப்படாத படிநிலை. இரண்டடிக்கு நான்கடி டைல் ஒன்று ஏறத்தாழ 15 கிலோ இருக்கும். பதிப்பவர் மண்டியிட்டபடியே அதை ஏந்தி இறக்கி, ரப்பர் சுத்தியலால் தட்டி, நூலுக்கும் மட்டத்துக்கும் சரிபார்க்கிறார். இடைவிடாது மண்டியிடுவதால் முழங்கால் சில்லின் முன்னுள்ள நீர்ப்பை வீங்கும் நோயை ஆங்கில மருத்துவம் ‘பணிப்பெண் முழங்கால்’ என்று அழைத்தது. வீட்டுத் தரையைத் துடைத்தவருக்கும் அதைப் பதிப்பவருக்கும் ஒரே நோய். மூலைக்கும் கதவடிக்கும் பொருந்த டைலை வெட்டும்போது எழும் தூசியில் சிலிக்கா உண்டு. தண்ணீர் விட்டு வெட்டினால் தூசி அடங்கும். ஆனால் நேரம் கூடும். சதுர அடிக் கூலியில் நேரம் என்பது பதிப்பவரின் சொந்தப் பணம்.

இக்கூலி முறையே சட்டத்திலும் அவரை இடறச் செய்கிறது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயரின் தலைமையில் 1980களில் உருவான இயக்கம் நெடுங்காலம் போராடியதன் பயனாக 1996இல் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் வந்தது. கட்டுமானச் செலவில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை நலவரியாகப் பெறவும் வழி செய்யப்பட்டது. நலவாரியத்தில் பதிவு பெற, முந்தைய 12 மாதங்களில் 90 நாள் கட்டுமான வேலை செய்திருக்க வேண்டும். டைல்ஸ் பதிப்பவரோ ஓர் அடுக்ககத்தில் பத்து நாள், இன்னொன்றில் மூன்று நாள் என நகர்பவர். கட்டடம் எழுப்பும் நிறுவனம், உள்வேலை ஒப்பந்ததாரர், குழுத்தலைவர் என நீளும் சங்கிலியின் கடைசியில் அவர் நிற்கிறார். வெட்டும் இயந்திரமும் தேயும் பிளேடும் அவர் செலவு. உடன் வரும் உதவியாளுக்கும் பல வேளைகளில் அவரே கூலி தருகிறார். ஆகவே சான்று கேட்டால், அவரும் ஓர் ஒப்பந்ததாரர்தானே என்று மேலுள்ளோர் சொல்லிவிட முடிகிறது.

2018 மார்ச் 19 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, 37,400 கோடி ரூபாய்க்கு மேல் நலவரி திரட்டப்பட்டும் ஏறத்தாழ 9,500 கோடி மட்டுமே தொழிலாளருக்காகச் செலவாகியிருப்பதைப் பதிவு செய்தது. சலவை இயந்திரங்களும் மடிக்கணினிகளும் அந்நிதியில் வாங்கப்பட்ட விந்தையும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது.

2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, நலவரி நிதியிலிருந்து தொழிலாளரின் வங்கிக் கணக்கில் நேரடியாகப் பணம் செலுத்துமாறு மாநிலங்களுக்கு நடுவண் அரசு அறிவுறுத்தியது. அப்போது கையிருப்பு சுமார் 52,000 கோடி ரூபாய். பதிவு பெற்றோர் சுமார் 3.5 கோடிப் பேர். 90 நாள் சான்றில் கையெழுத்துப் பெற இயலாத பதிப்பவரின் பெயர் அப்பட்டியலில் இருக்கவில்லை. அவர் ஊர் திரும்ப முயன்ற வாரங்களில், பாதி பதித்த தளங்களில் நூல் கட்டியபடியே இருந்தது.