கள்வருக்காக இழுத்த கம்பி

டெலிபோன் என்னும் சாதனம் தோன்றுவதற்கு முன்பே, அமெரிக்காவின் பாஸ்டன், நியூயார்க் நகரங்களில் வங்கிகளிலிருந்தும் செல்வர் மாளிகைகளிலிருந்தும் கூரைகளின் மேலாக மெல்லிய கம்பிகள் ஓடிக்கொண்டிருந்தன என்பதும், அவை கள்வர் வருகையை அறிவிப்பதற்கென்றே இழுக்கப்பட்டவை என்பதும் பலர் அறியாத செய்தி.

இந்த ஏற்பாட்டின் மூலபுருஷர் ஒரு கிறிஸ்தவ குரு. மாசசூசெட்ஸ் மாகாணத்துச் சோமர்வில் என்னும் ஊரில் யூனிடேரியன் சபையின் போதகராக இருந்த அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் என்பவர், கதவுகளையும் ஜன்னல்களையும் பாட்டரியோடும் மணியோடும் கம்பியால் பிணைத்து, அவற்றில் எது திறக்கப்பட்டாலும் மின்சுற்று பூர்த்தியாகி, காந்தசக்தி பெற்ற சுத்தியல் மணியை அடிக்கும்படி ஒரு யுக்தி செய்து, 1853 ஜூன் 21-ஆம் தேதி அதற்குப் பேடண்ட் உரிமை பெற்றார். உள்ளே புகுந்தவன் கதவைத் திரும்பச் சாத்தினாலும் மணி ஓயாதபடி அவர் அமைத்திருந்ததைப் பார்த்தால், பாவிகளின் மனத்தை அறிவது அவருடைய உத்தியோகத்தில் ஓர் அம்சம் என்றே எண்ணத் தோன்றுகிறது. ஆயினும் அந்த யுக்தியால் பெருவாழ்வு பெற்றவர் வேறொருவர். 1857-இல் அந்த உரிமையை விலைக்கு வாங்கிய எட்வின் ஹோம்ஸ், பாஸ்டனில் தொழில் தொடங்கி, திருடர் மிகுந்த ஊரே தம்முடைய சரக்குக்கு உகந்த சந்தை என்று கணித்து, 1859-இல் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார்.

வீட்டுக்குள் மட்டும் ஒலிக்கும் மணி, வீட்டில் ஆளில்லாத வேளையில் யாரை எழுப்பும்? இந்த வினாவுக்கு விடையாக, வாடிக்கையாளர் அனைவரின் கம்பிகளும் வந்து சேரும்படி ஒரு மத்திய நிலையம் அமைத்து, அங்கே இரவு முழுதும் விழித்திருக்கும் ஊழியரை நியமிக்கும் வழக்கம் 1870-களில் வேரூன்றியது. பங்குச் சந்தை விலைகளைத் தந்தி வழியே அச்சிடும் பொறியை 1867-இல் கண்டுபிடித்த எட்வர்ட் கலஹான் என்பவரும் இதே துறையில் புகுந்து, வீடுகளிலிருந்து ஏவலாளையும் போலீஸையும் அழைக்கும் பெட்டிகளை அமைத்தார். அந்த முயற்சியிலிருந்து பிறந்ததே ஏ.டி.டி. என்று இன்றும் வழங்கும் ஸ்தாபனம்.

இனி வருவதுதான் இந்தச் சரித்திரத்தின் சுவை மிகுந்த பகுதி. 1877-ஆம் ஆண்டு, கிரகாம் பெல்லின் புதிய கருவி கண்காட்சிப் பொருளாகவே மதிக்கப்பட்டு, அதனால் வியாபாரத்துக்கு என்ன பிரயோஜனம் என்று ஜனங்கள் நகைத்துக்கொண்டிருந்த சமயத்தில், பாஸ்டன் வாஷிங்டன் தெருவில் அலாரம் நிலையத்தை நடத்திவந்த ஹோம்ஸின் குமாரர், தம் கம்பிகள் பகற்பொழுதெல்லாம் வேலையற்றுக் கிடப்பதைக் கண்டு, அனுமதி கேட்காமலே ஆறு வங்கிகளில் டெலிபோன்களை ஆணியடித்து மாட்டினார். ஐந்து வங்கியாளர் மறுப்புரைக்கவில்லை; ஆறாமவர் மட்டும் இந்த விளையாட்டுச் சாமானை உடனே எடுத்துச் செல்லுமாறு சினந்து கட்டளையிட்டாராம். எஞ்சிய ஐந்தையும் தம் அலுவலகத்திலிருந்தே ஒன்றோடொன்று இணைக்க இளைய ஹோம்ஸ் வகை செய்ததால், பகலில் பேச்சும் இரவில் களவுக் காவலுமாக ஒரே கம்பி சில வாரங்கள் பணி புரிந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் என்பதன் ஆதி வடிவம் இதுவே. டெலிபோன் பிறந்தது எங்கே ஆயினும், குடித்தனம் தொடங்கியது அலாரத்தின் வீட்டு ஒண்டுக்குடியாகத்தான்.

குடியிருந்தவன் வீட்டுக்காரனாக மாறுவதற்கு வெகு காலம் ஆகவில்லை. டெலிபோன் கம்பெனியின் கம்பிகள் தெருவெங்கும் பரவவே, அலாரம் ஸ்தாபனங்கள் அவற்றை வாடகைக்கு எடுப்பதே லாபகரமாயிற்று. சந்தாதாரர் வீட்டிலிருந்து மத்திய நிலையம் வரையில் தனிக் கம்பி. அதில் சதா ஒரு சிறு மின்னோட்டம். அத்தகைய கம்பியைக் கள்வன் துண்டித்தால் ஓட்டம் நிற்கும். ஓட்டம் நின்றதே அபாய அறிவிப்பாகும். ஆனால் தனிக் கம்பியின் வாடகை சாமானியருக்கு எட்டாதது. தொழிலும் சிலர் கைக்குள் அடங்கியிருந்தது: அங்கீகாரம் பெற்ற மத்திய நிலையக் காவலில் 87 சதவீதம் கிரின்னல் என்ற ஒரே ஸ்தாபனத்தின் ஆதிக்கத்தில் இருந்ததை ஏகபோகம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1966-இல் தீர்ப்பளித்தது. அந்தப் பிடிக்குள் ஹோம்ஸின் கம்பெனியும் ஏ.டி.டி.யும் இருந்தன.

சாமானியர் வீட்டுக்கு அலாரத்தைக் கொண்டுவந்தது 1968-இல் பிறந்த மற்றொரு தீர்மானம். டெக்ஸாஸ்காரரான தாமஸ் கார்ட்டர் என்பவரின் கருவி சம்பந்தமான வழக்கில், டெலிபோன் கம்பெனி தந்ததல்லாத சாதனத்தையும் சந்தாதாரர் தம் லைனில் இணைக்கலாம் என்று மத்திய தகவல் தொடர்பு ஆணையம் முடிவு செய்தது. அதன் பின், வீட்டின் சாதாரண டெலிபோன் லைனிலேயே தானாக எண்களைச் சுழற்றும் பெட்டிகள் பெருகின. ஒலிநாடாவில் பதித்த குரலைப் போலீஸ் நிலையத்துக்கே அனுப்பியவை, காற்றில் கதவாடினாலும் உதவி கோரிக் கதறியதால், பல நகரங்களில் தடைக்கு உள்ளாயின. அடுத்து வந்த மின்னணுப் பெட்டிகள் குரலை விடுத்து இலக்க ஒலிகளைக் கைக்கொண்டன: மத்திய நிலையத்தின் கருவி 1,400, 2,300 ஹெர்ட்ஸ் என்ற இரு ஸ்வரங்களை எழுப்பி வரவேற்கும், வீட்டுப் பெட்டி தன் கணக்கு எண்ணைச் சொல்லி, களவாயின் 130, தீயாயின் 110 என்று குறியீட்டை ஒலித்து, பெற்றுக்கொண்டேன் என்ற ஸ்வரம் கேட்டதும் லைனை விடும்.

வெளியே பேசத் தெரிந்த பெட்டிக்கு, வெளியிலிருந்து வரும் குரலைக் கேட்கவும் அடுத்துக் கற்பித்தார்கள். சங்கேத எண்ணையோ நுழைவு வாசலின் அவகாசத்தையோ மாற்ற ஊழியர் நேரில் செல்ல வேண்டாம். அலுவலகத்திலிருந்தபடியே மோடம் மூலம் வினாடிக்கு 300 பிட் என்ற மந்த கதியில் வீட்டுப் பெட்டியின் மனத்தைத் திருத்திவிடலாம். ஒரே லைனில் பதிலளிக்கும் இயந்திரமும் இருந்தால் அது முந்திக்கொள்ளுமே என்ற சங்கடத்துக்கும் பரிகாரம் கண்டனர்: ஓரிரு முறை மணியடித்து நிறுத்திவிட்டுச் சற்றே பொறுத்து மறுபடி அழைத்தால், முதல் மணியிலேயே அலாரம் எடுத்துக்கொள்ளும். அந்நியர் இந்த வழியே பிரவேசிக்காமலிருக்க, சில பெட்டிகள் அழைத்தவரின் சங்கேத எண்ணைச் சோதித்தபின் லைனை வைத்துவிட்டு, தம் நினைவிலிருந்த எண்ணைத் தாமே அழைத்துப் பேசின. நான் அறிந்தவரையில் இத்தனை எளிய செலவில் இத்தனை நேர்த்தியான காவல் வேறில்லை.

எனினும் இந்த மலிவுக்குக் கொடுத்த விலை சிறிதன்று. தனிக் கம்பியின் மௌனம் செய்தியாக இருந்தது. பொது லைனின் மௌனமோ எதையும் தெரிவிப்பதில்லை. சுவருக்கு வெளியே கம்பி அறுபட்டால், நாளுக்கொருமுறை அனுப்பும் சோதனைச் சமிக்ஞை தவறும் வரையில் நிலையத்துக்கு அந்தச் சங்கதி எட்டாது. இணையம் வந்தபோது வேறொரு இடர்: பேச்சைச் சுருக்கி அனுப்பும் புதிய முறைகள் அலாரத்தின் ஸ்வரங்களைச் சிதைத்தன. இன்றைய பெட்டிகள் இணையத்தையும் கைப்பேசி வலையையும் பற்றிக்கொண்டு, இடைவிடாது தம் உயிர்ப்பை நிலையத்துக்கு அறிவித்து வருகின்றன. பிரிட்டனில் பழைய டெலிபோன் வலை 2027 ஜனவரிக்குள் நிறுத்தப்படவிருப்பதால், அதை நம்பியிருக்கும் அலாரங்களை அதற்கு முன் மாற்றிக்கொள்ளும்படி சந்தாதாரர்கள் எச்சரிக்கப்பட்டிருக்கிறார்கள்.