மொரிஸ் மைனருக்கு எந்த இஞ்சின்?

பழைய மொரிஸ் மைனர் ஒன்று கைக்கு வந்தால் எங்கட பெடியள் கேட்கிற முதல் கேள்வி, "இதுக்கு என்ன இஞ்சின் போடலாம்?" என்பதுதான். ஏறக்குறைய 750 கிலோ நிறை, பின்சில்லுகளால் ஓடுகிற சின்னக் கார். எதைப் போட்டாலும் பறக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் மைனரின் வரலாறே இஞ்சின் மாற்றின வரலாறுதான். அதைப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு வேற ஒரு பதில் கிடைக்கும்.

மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் படுத்திருக்கிற புது இஞ்சின் ஒன்றைத்தான் அவர் மனதில் வைத்திருந்தார். செலவு கூடும் என்று கம்பனி அதைக் கைவிட்டது. 1948இல் கார் வெளியே வந்தபோது அதற்குள் இருந்தது, போருக்கு முந்திய மொரிஸ் எய்ற் காரின் 918 சிசி இஞ்சின்.

1952இல் ஒஸ்ரினும் மொரிசும் ஒரே நிறுவனமாக இணைந்தன. பிறகென்ன, ஒஸ்ரின் ஏ30இன் 803 சிசி இஞ்சின் மைனருக்குள் வந்தது. வலு வெறும் 30 குதிரைவலு. வேகத்தை விட, இரண்டு பெயரில் விற்கிற கார்களுக்கு ஒரே இஞ்சினைச் செய்யலாம் என்கிற கணக்குத்தான் இங்கே வென்றது. அதே குடும்பத்து இஞ்சின் 1956இல் 948 சிசி, 1962இல் 1098 சிசி என்று வளர்ந்தது. ஒஸ்ரின் ஏ35, மினி எல்லாவற்றிலும் அதுதான். ஆகவே சாமான்கள் பலவும் ஒன்றுக்கொன்று பொருந்தின; ஒன்றைக் கழற்றிப் பழகின கைக்கு மற்றதும் தெரிந்தது.

இனி 1990களின் யாழ்ப்பாணத்துக்கு வருவோம். பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. அப்போதும் வீதியில் ஓடினவை மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் தான், அதுவும் மண்ணெண்ணெயில். கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, இஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இது எப்படிச் சாத்தியமானது? மண்ணெண்ணெய் அமுக்கம் தாங்காது. கூட அமுக்கினால் நேரத்துக்கு முந்தியே எரிந்து இஞ்சினை இடிக்கும். 803 சிசி இஞ்சினின் அமுக்க விகிதம் 7.2 தான். பெலவீனம் என்று சொல்லப்பட்ட அதே குணம்தான் இங்கே காப்பாற்றியது.

சும்மா இல்லை, அதற்கும் விலை இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் இறங்கி இஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும், தேய்மானம் கூடும், பின்னால் வருகிறவருக்குப் புகை. ஆனாலும் கார் ஓடியது.

இன்றைக்கு வெளிநாடுகளில் மைனருக்கு டட்சன் 1200 இஞ்சின் போடுகிறார்கள், ஃபியற் இஞ்சினும் போடுகிறார்கள். போடட்டும். முன்பக்கம் எவ்வளவு பாரம் ஏறும், பழைய பிரேக் பிடிக்குமா, பின் அச்சு தாங்குமா என்று அவர்களும் பார்க்கத்தான் வேணும். எங்கட அனுபவம் அதோடு இன்னும் இரண்டு கேள்வியைச் சேர்க்கிறது: எந்த எரிபொருள் கிடைக்கும்? பழுதானால் ஊரில் யார் திருத்துவார்?

குதிரைவலுவை மட்டும் பார்த்திருந்தால் 1952இன் தெரிவு மோசமானது. தடைக்காலத்தையும் சேர்த்துப் பார்த்தால், அதைவிட நல்ல தெரிவு எங்களுக்குக் கிடைத்திருக்காது.