இக்னிஸ், அக்கினி, ஒரு கல்லறைக் கல்

அக்கினி நட்சத்திரம் தொடங்கினால் சேலத்துக்காரர்கள் ஏற்காட்டுக்கு வண்டி எடுக்கிறார்கள். சாவி போட்டுத் திருகும் இடத்துக்குப் பெயர் இக்னிஷன். விரட்டுகிற வெயிலுக்கும் தப்பிக்க உதவுகிற சாவித் துளைக்கும் வேர் ஒன்றே. வடமொழி அக்னியும் லத்தீன் இக்னிஸும் உடன்பிறப்புகள். லிதுவேனிய மொழியின் உக்னிஸ் பங்காளி. 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனால் அந்தக் குடும்பத்தின் இன்னொரு வாரிசைப் பற்றிய வழக்கு காத்திருக்கிறது. அதுதான் இக்னியஸ்.

17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இக்னியஸ் என்றால் நெருப்புத் தன்மை உள்ளது, அவ்வளவுதான். பாறைக்கு அந்தப் பெயர் ஒட்டியது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில். பாறைகள் ஆதிக் கடலில் படிந்து உண்டானவை என்றது நிலவியலாளர் வெர்னரின் கட்சி. பூமிக்குள் உருகிய குழம்பு இறுகியே கிரானைட் உண்டானது என்றது ஜேம்ஸ் ஹட்டனின் கட்சி. ஹட்டன் கட்சி வென்றது. நம் பாடநூல்களில் இக்னியஸ் பாறை தீப்பாறை ஆயிற்று. அழகான தமிழாக்கம்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் சாலைக்காக வெட்டிய பாறையின் புது முகத்தைப் பாருங்கள். பழுப்பேறிய மேல்தோலுக்கு உள்ளே கருநீலம்; எண்ணெய் தடவிய சிலைபோல ஒரு மினுமினுப்பு; வெளிறியிருக்க வேண்டிய குவார்ட்ஸ்கூட நீலம் பாரித்திருக்கும். ஊருக்கு இது கருங்கல்தான். நிலவியலில் இதன் பெயர் சார்னோக்கைட். இது சிதைந்து உண்டான பாக்சைட்தான் மலையுச்சியில் வெட்டப்பட்டு மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது.

பெயரின் கதை மலையோடு துளியும் தொடர்பில்லாதது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னோக் 1693இல் கல்கத்தாவில் இறந்தார். அவருடைய கல்லறைக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. 200 ஆண்டு கழித்து, 1893இல், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் அதை ஆராய்ந்து, செத்தவர் பெயரையே கல்லுக்குச் சூட்டினார். பல்லாவரம், சேர்வராயன், நீலகிரி எல்லாம் அந்தப் பெயருக்குள் வந்தன. 250 கோடி ஆண்டுப் பாறைக்கு ஒரு கம்பெனி ஏஜெண்டின் பெயர்! ஹாலண்ட் சேலத்தில் தொடங்கியிருந்தால் சேர்வராயைட் என்று படித்திருப்போமோ என்னவோ.

ஹாலண்ட் இதை இக்னியஸ் என்றே கருதினார். பின்வந்தவர்கள் மறுத்தார்கள். பூமியின் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், பழைய பாறை முழுதும் உருகாமலே உருமாறியது என்பது அவர்கள் வாதம். சூடும் அழுத்தமும் நீரை விரட்ட, நீர் ஏந்திய கனிமங்கள் அழிந்து ஹைபர்ஸ்தீன் பிறந்தது. அந்தக் கனிமம்தான் சார்னோக்கைட்டின் அடையாளம். 1960இல் கர்நாடகத்தின் கப்பல்துர்கத்தில், சாதாரண நைஸ் பாறைக்குள்ளேயே திட்டுத்திட்டாகச் சார்னோக்கைட் உருவாகியிருப்பதை நிலவியலாளர் பிச்சமுத்து காட்டியபோது உருமாற்றக் கட்சிக்கு வலு கூடியது. ஆனால் ஹாலண்டைத் தோற்றவர் பட்டியலில் சேர்க்கவும் முடியவில்லை. உருகிய குழம்பிலிருந்தே இறுகிய சார்னோக்கைட்டுகளும் உலகில் உண்டு. தீப்பாறைகளின் சர்வதேச வகைப்பாட்டில் அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது.

கல் வியாபாரிகளுக்கு இந்த வழக்கில் அக்கறை இல்லை. உடைத்தால் ஜல்லி, மெருகேற்றினால் கிரானைட்.