இருவேல்பட்டு - ஒரு ஊர், ஐந்து கணக்கெடுப்பு

ஸ்டாடிஸ்டிக்ஸ் என்றாலே சராசரி, இடைநிலை, முகடு என்று ஃபார்முலா மனப்பாடம் செய்வதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் கணக்கெடுத்த எண்களை வைத்து என்ன முடிவுக்கு வரலாம், என்ன முடிவுக்கு வரக்கூடாது? அதைச் சொல்லிக் கொடுக்க நம் பக்கத்திலேயே ஒரு ஊர் இருக்கிறது.

சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் அரசூர் தாண்டியிருப்பீர்கள். அதன் அருகில் இருக்கும் கிராமம் இருவேல்பட்டு. இன்று விழுப்புரம் மாவட்டம். 1993 வரை கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது.

1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார் கில்பர்ட் ஸ்லேட்டர். அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில் ரஸ்கின் கல்லூரி முதல்வர். இங்கிலாந்தில் பொது நிலங்கள் வேலி போடப்பட்டு உழவர்கள் கையை விட்டுப் போன வரலாற்றைப் புத்தகமாக எழுதியவர். இங்கிலாந்துப் பாடப்புத்தகத்தை வைத்து இந்தியப் பொருளாதாரம் நடத்த முடியாது என்பது அவருக்குப் புரிந்தது. என்ன செய்தார்? ஒரு கேள்வித்தாள் தயாரித்து மாணவர்களிடம் கொடுத்து, லீவில் கிராமங்களுக்குப் போய்க் கணக்கெடுத்து வரச் சொன்னார். நிலம், பயிர், மாடு, கூலி, கடன் எல்லாம் அதில் இருந்தன. அந்த அறிக்கைகள் 1918-ல் 'சில தென்னிந்திய கிராமங்கள்' என்ற பொருளில் ஆங்கிலப் புத்தகமாக வந்தன. அதில் ஒன்றுதான் இருவேல்பட்டு. யோசித்துப் பாருங்கள், கல்லூரி மாணவர்களின் லீவு வேலை நூறு வருஷம் கழித்தும் பேசப்படுகிறது!

அதோடு முடியவில்லை. 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் ஸ்லேட்டர் கிராமங்களை மறுபடி ஆய்வு செய்து 1940-ல் வெளியிட்டார்கள். 1960களில் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1980களின் தொடக்கத்தில் இருவேல்பட்டுக்கு எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் போனார்கள். 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ். ஒரே ஊருக்கு இத்தனை முறை கணக்கு எடுத்திருப்பது இந்தியாவில் அபூர்வம்.

சரி, இதில் பாடம் எங்கே?

முதல் பாடம், சராசரி. 1916-ல் இது பெரிய நிலக்கிழார் ஆதிக்கம் இருந்த ஊர். இப்படி ஒரு கற்பனைக் கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். 10 வீடு. 9 வீட்டுக்கு ஆளுக்கு 1 ஏக்கர், ஒரு வீட்டுக்கு மட்டும் 91 ஏக்கர். சராசரி 10 ஏக்கர். ஆனால் 10 ஏக்கர் உள்ள வீடு அந்த ஊரில் ஒன்றுகூடக் கிடையாது! இடைநிலை எடுத்தால் 1 ஏக்கர். "இந்த ஊர்க்காரர்கள் வசதியானவர்களா?" என்று கேட்டால் பிள்ளைகள் உடனே சண்டைக்கு வருவார்கள். அந்தச் சண்டைதான் பாடம்.

இரண்டாவது, அளவு. அன்றைக்குப் பண்ணை வேலைக்குக் கூலி பெரும்பாலும் நெல்லாகவே அளக்கப்பட்டது. பிறகு ரூபாயாக மாறியது. ரூபாயை ரூபாயோடு ஒப்பிட்டால் கூலி பல மடங்கு ஏறியதாகத் தெரியும். அந்தக் கூலிக்கு எத்தனை படி நெல் வாங்கலாம் என்று பார்த்தால்தான் உண்மை வெளியே வரும். படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் வேறு. நிலத்திலும் அப்படித்தான், ஒரு காணி என்பது சுமார் 1.32 ஏக்கர். இதைக் கவனிக்காமல் போட்ட கணக்கு எல்லாம் தப்பு.

மூன்றாவதுதான் கஷ்டமானது. 1916 அறிக்கையில் படியாள் பற்றி வருகிறது. கடனால் கட்டுண்டு, தலைமுறை தலைமுறையாக ஒரே நிலக்கிழார் வீட்டில் உழைத்த மக்கள். 2008-ல் அந்த முறை இல்லை. நிலக்கிழார்களின் பிடி தளர்ந்து, விவசாயம் அல்லாத வேலைக்குப் போகிறவர்கள் கூடியிருந்தார்கள். ஏன் மாறியது? சட்டமா, பள்ளிக்கூடமா, ரேஷன் அரிசியா, வெளியூர் வேலையா, அரசியலா? எல்லாமே அந்த இடைவெளியில்தான் வந்தன. இரண்டு வருஷத்து அட்டவணையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மாற்றம் நடந்தது தெரியும். காரணம் தெரியாது. அதற்கு மக்களிடம் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

நான்காவது, ஒரு ஊரை வைத்து ஊர் உலகத்தையே அளக்க முடியுமா? ஸ்லேட்டர் கிராமங்கள் குலுக்கல் முறையில் எடுத்தவை அல்ல. மாணவர்கள் போக வசதியாக இருந்த ஊர்கள். அந்தக் காலத்தில் பல்கலைக்கழகம் வரை படிக்க முடிந்தது யாரால்? பெரும்பாலும் வசதியான, மேல்தட்டுச் சாதிக் குடும்பத்துப் பிள்ளைகளால். நிலம் உள்ள வீட்டுப் பையன் நோட்டோடு போய்க் "கடன் எவ்வளவு?" என்று கேட்டால், கடன் கொடுத்தவன் சொல்லும் பதிலும் வாங்கியவன் சொல்லும் பதிலும் ஒன்றாக இருக்குமா? யார் கேட்டார்கள் என்பதும் டேட்டாவில் ஒரு பகுதி.

இதற்காக அந்தக் கணக்கெடுப்பு வீண் என்று அர்த்தமில்லை. படியாள் என்ற சொல்லையும் அந்த வாழ்க்கையையும் அந்த மாணவர் அறிக்கை எழுத்தில் பதிந்து வைத்ததால்தான், பின்னால் வந்தவர்களால் "இது இப்போது இல்லை" என்று நிச்சயமாகச் சொல்ல முடிந்தது.

கடலூரிலோ சிதம்பரத்திலோ ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியர் இதை ஒரு வாரத்தில் செய்து பார்க்கலாம். பிள்ளைகள் தங்கள் தெருவில் 20 வீடு கணக்கெடுக்கட்டும். பிறகு நோட்டில் மூன்று பத்தி: இந்த எண் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை, இன்னும் யாரைக் கேட்க வேண்டும். மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் மார்க் கிடையாது!