பங்கு விலை சொல்லும் வரலாறு

திருவொற்றியூர் என்றதும் தியாகேசர் திருக்கோயிலும் பட்டினத்தார் சமாதியும் நம் நினைவுக்கு வரும். வணிக வரலாறு பயில்வோர்க்கும் அவ்வூர் ஒரு பாடசாலையே.

1946 ஆம் ஆண்டில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை அங்கே ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கினார். அத்தொழிலே வளர்ந்து எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனமாயிற்று. அதன் 10 ரூபாய் முகமதிப்புள்ள பங்கொன்றின் விலை 2023 ஜூன் 13 அன்று ஓர் இலட்சம் ரூபாயைத் தொட்டது.

அதே ஊரில் 1950களில் எழுந்தது என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை. அது பின்னர் ஐஷர் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு உரியதாயிற்று. 2020 ஆகஸ்டில் ஐஷர் பங்கின் விலை திடீரென ஏறத்தாழப் பத்தில் ஒன்றாயிற்று. நிறுவனம் நொடித்துவிட்டதா? இல்லை. 10 ரூபாய்ப் பங்கு ஒவ்வொன்றும் பத்து 1 ரூபாய்ப் பங்குகளாகப் பிரிக்கப்பட்டது, அவ்வளவே. நூறு ரூபாய்த் தாளைச் சில்லறையாக மாற்றியவன் ஏழையாகிவிடுவானோ? எம்.ஆர்.எஃப். தன் பங்கை அவ்வாறு பிரிக்கவில்லை. அதன் விலை உயர்ந்து நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே, மாணவர்களே, பழைய விலைப்பட்டியலைக் காணும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள். இடையில் பங்கு பிரிக்கப்பட்டதா, போனஸ் பங்கு வழங்கப்பட்டதா? ஆண்டுதோறும் கிடைத்த இலாப ஈவு எவ்வளவு? அன்றைய ரூபாய்க்கு எவ்வளவு அரிசி கிடைத்தது? ஐஷரின் 2020க்கு முந்திய விலையைப் பத்தால் வகுத்த பின்னரே இன்றைய விலையோடு ஒப்பிடலாம். இதனை மறந்தவன் வளர்ந்த நிறுவனத்தை வீழ்ந்ததென்று எழுதிவிடுவான். எண் பொய் சொல்வதில்லை. அதனைப் படிக்கத் தெரியாமையே நம்மை ஏமாற்றுகிறது.