புதருக்குப் பின்னால் இருந்தவர்

2017இல் ஒரு மென்பொருள் வேலையாக யாங்கோன் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை படகில் ஆற்றைக் கடந்து, தலாவில் இறங்கி, த்வாண்டேவுக்குப் போனேன். மண்பானைக்குப் பேர்போன ஊர். யாங்கோன் ஆற்றை ஐராவதியோடு இணைக்கும் கால்வாய் ஊரை ஒட்டி ஓடுகிறது. நான் போனது பானை வாங்க அல்ல. 1924இல் எரிக் பிளேர் என்ற இளம் காவல் அதிகாரி இங்கே பணியாற்றினார். பின்னாளில் அவர்தான் ஜார்ஜ் ஆர்வெல்.

1936இல் அவர் எழுதிய 'யானையைச் சுடுதல்' கட்டுரையை நம்மில் பலர் கல்லூரியில் படித்திருப்போம். அது நடப்பது, பிறகு அவர் மாற்றலாகிப் போன மோல்மேனில். மதம்பிடித்த யானை கூலியாள் ஒருவரை மிதித்துக் கொல்கிறது. அதிகாரி போய்ச் சேரும்போது யானை சாதுவாகப் புல் தின்றுகொண்டிருக்கிறது. பின்னால் கூட்டம் நிற்கிறது. கேலிக்கு ஆளாகக் கூடாதென்று சுட்டுவிடுகிறார். உண்மையில் நடந்ததா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

என்னை உறுத்தியது இறந்த மனிதர். திராவிடர் என்கிறார் ஆர்வெல். பிறகு 'கொரிங்கி' என்ற சொல்லும் வருகிறது. காக்கிநாடா அருகிலுள்ள கொரிங்கா துறைமுகத்தின் பெயரால் தெலுங்கர்களுக்கு பர்மாவில் வழங்கிய பெயர் அது. ஆகவே அவர் தமிழராக இல்லாமலிருக்கலாம். அவருக்குக் கட்டுரையில் பெயரே இல்லை. அவர் செத்ததால் சட்டம் தன் பக்கம் வந்துவிட்டது என்று கதைசொல்லி நிம்மதியடைகிறார். யானையின் சொந்தக்காரர் இந்தியர். யானையைக் கட்டுப்படுத்தத் தவறிய பழி அவர்மேல். துப்பாக்கி வைத்திருந்தவரை யாரும் கேட்கவில்லை.

அன்று பர்மாவிலும் நடப்பிலிருந்தது 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம். அதன் 299ஆம் பிரிவில் ஓர் உதாரணம் உண்டு. திருடும் நோக்கத்தோடு ஒருவன் கோழியைச் சுடுகிறான். புதருக்குப் பின்னால் இருந்த ஆள் சாகிறார். அங்கே ஆள் இருப்பது சுட்டவனுக்குத் தெரியாது. எனவே அது மரணம் விளைவித்த குற்றம் ஆகாது. அலட்சியத்தால் நேரும் மரணத்துக்கு மெக்காலேயின் 1837 வரைவில் தனிப்பிரிவு இருந்தது. 1860இல் அது விடுபட்டது. 1870இல்தான் 304ஏ என்று திரும்பச் சேர்த்தார்கள். அதற்கும் அதிகபட்சம் இரண்டாண்டுச் சிறை. எட்டு ஆண்டு கழித்து வந்த ஆயுதச் சட்டமோ இந்தியர்களிடம் உரிமம் கேட்டது, ஐரோப்பியர்களுக்கு விலக்களித்தது. துப்பாக்கி யார் கையில் இருந்ததோ, அவர்களிடம் கேள்வி மிகக் குறைவாகவே கேட்கப்பட்டது.

நான் இப்போது வாழும் அமெரிக்காவில் 1989இல் ஃபுளோரிடாதான் முதன்முதலாக, குழந்தை கைக்கு எட்டும்படி துப்பாக்கியை வைத்த உரிமையாளரைப் பொறுப்பாக்கியது. பல மாநிலங்கள் பின்பற்றின. எல்லா மாநிலங்களும் அல்ல. நாடு முழுமைக்குமான அத்தகைய சட்டம் இல்லை.

என் மகள் முதன்முதலாகத் தோழி வீட்டில் இரவு தங்கப் போனபோது, அங்கே துப்பாக்கி உண்டா என்று நான் கேட்கவில்லை. "வெளிநாட்டுக்காரங்க நாம, கேட்டா என்ன நினைப்பாங்க" என்றாள் மனைவி. எனக்கும் அதே கூச்சம். கேலிக்குப் பயந்து சுட்டவரைப் பற்றி நான் இவ்வளவு பேசுகிறேன். கேலிக்குப் பயந்துதான் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாம் முறை கேட்டேன். தோழியின் அப்பா ஒரு கணம் பேசவில்லை. பிறகு, "இரண்டு இருக்கிறது. இரும்புப் பெட்டியில் பூட்டியிருக்கிறேன். இதுவரை யாரும் கேட்டதில்லை" என்றார். முதல் முறையும் பூட்டியிருந்ததா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.